பச்சைக்குள் போன லயம்

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று என் வேலையைப் பார்த்து நானே காறித் துப்பிய நாட்கள் உண்டு.

கண்டியில் ஒரு திட்டமிடல் அலுவலகத்தில் சேர்ந்த புதிது. காணிப் பயன்பாட்டு வரைபடத்துக்கு நிறம் போடுவது என் வேலை. வீடென்றால் மஞ்சள், தேயிலை என்றால் பச்சை. பன்வில பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது தொழிலாளர் குடும்பம் இருக்கிற வரிசை வீடுகள், லயங்கள். மஞ்சள் போட்டேன். மேலதிகாரி எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்; மல்லி என்றால் தம்பி.

"மல்லி, உறுதிப் பத்திரம் இல்லாத இடத்துக்கு மஞ்சள் போடக் கூடாது. காணி தோட்டத்துடையது. பச்சையாக்குங்க."

ஆக்கினேன். புசல்லாவையில் லயத்துக் காம்பராவில் பிறந்தவன் நான். வேலை நிரந்தரமாகவில்லை என்று வாயை மூடிக்கொண்டு படத்தில் கையெழுத்தும் போட்டேன். தூ!

அடுத்த வருடம் நகரத்துக் குப்பையைக் கொட்ட இடம் தேடினார்கள். படத்தில் பார்த்தால் பச்சை மேடு, ஆளில்லை. முடிந்தது கதை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களாம். நாங்கள் முப்பது குடும்பத்தை மறைத்துவிட்டு, கூட்ட மேசையில் மீன் அடைத்த மாலு பணிஸ் தின்றோம்.

தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், தோட்டத்துக்கு விளக்கம் சொல்ல என்னை அனுப்பினார்கள். லயத்து வாசலில் படத்தை விரித்து, பச்சை என்றால் தேயிலை என்று விளக்கினேன். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த ஓர் அம்மா குனிந்து தேடினார்.

"இதுல நம்ம லயம் எங்க சார்?"

"இந்தப் பச்சைக்குள்ள இருக்கு" என்று மென்று விழுங்கினேன்.

"அது தேயிலன்னுல்ல சொன்னீங்க? அப்ப நாங்க?" மேட்டைக் கை காட்டினார். "குப்பைய அங்க கொட்டுனா, கீழதான் நம்ம பீலி. குடிக்க, ஆக்க, புள்ளைங்கள குளிப்பாட்ட எல்லாத்துக்கும் அந்தத் தண்ணிதான். ஒங்களுக்கு எந்த ஊரு?"

"புசல்லாவ. லயத்துலதான் பொறந்தேன்."

"அப்ப ஒனக்கு நான் சொல்லணுமா தம்பி? எழுதிக்கிட்டுப் போ."

எழுதினேன். பீலி, லயம், குடும்பங்கள், ஒன்றையும் விடவில்லை. மேலதிகாரி அறிக்கையை என் பக்கம் தள்ளினார்.

"படம் பிழையென்றால், அதில் இருக்கிற கையெழுத்து யாருடையது மல்லி?"

அந்த மாதம்தான் நிரந்தர நியமனத்துக்கான நேர்முகம். பீலி இருந்த பக்கத்தை நானே உருவிக் கிழித்தேன். நியமனம் வந்தது. அலுவலகத்தில் பாற்சோறு வெட்டிக் கொண்டாடினார்கள். நானும் தின்றேன், வெட்கங்கெட்டவன்.

கடைசியாக அந்தத் தோட்டத்துக்குப் போனது, குப்பை கொட்டத் தொடங்கிய பிறகு மேட்டைப் பரிசோதிக்க. நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பீலிக்குப் போய் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினார்.

"குடி தம்பி. நல்ல தண்ணின்னு நீ சொன்னா நாங்களும் பயமில்லாம குடிப்போம்."

போத்தலை வாங்கினேன். மூடியைத் திறக்கவில்லை.