வேலை என்று யாரும் சொல்லாத வேலை

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் நடந்தது இது. பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே லுங்கித் தறி இருக்கிறது. நெய்வது கணவர். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் அவர் போடுகிற தார்க் குச்சிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது நான். அடுப்பு வேலை முடிந்து ராட்டைக்கு முன்னால் தரையில் குனிந்து உட்கார்ந்தால், பொழுது சாயும்வரை வலது கை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கொஞ்ச நாளாகவே அந்தக் கை விரல்கள் மரத்துப்போய்க்கொண்டிருந்தன. அன்றைக்குச் சோறு வடிக்கும்போது பானை நழுவி, கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டிவிட்டது. பானையைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே விரலுக்குத் தெரியவில்லை. பயந்துபோய் திருத்தணிக்கு பஸ் ஏறினோம்.

டாக்டர் காலுக்கு மருந்து எழுதினார். கையைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"வேலைக்கெல்லாம் போறதில்ல சார். வூட்ல சும்மாதான் இருக்குது."

"அப்ப செல்போன் ரொம்ப பாக்குறீங்களோ?" என்று டாக்டர் சிரித்தார்.

கால் எரிச்சலைவிட அந்தச் சிரிப்புதான் எரிந்தது. "கல்யாணம் ஆன நாள்லருந்து ராட்டை சுத்திகினு இருக்கேன் சார்" என்றேன். குரல் எனக்கே புதுசாக இருந்தது.

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். விரல்களில் சுருக்கென்று குத்தியது. கையை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப அசைத்ததில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். இப்படியே விட்டால் கட்டைவிரலில் பலம் போய்விடுமாம். கொஞ்ச காலம் ராட்டையைத் தொடக் கூடாது என்றார்.

கணவர் பதறிப்போய், "அய்யோ, தறி நின்னுபூடுமே சார்!" என்றார்.

"சும்மா இருக்கிறவ கை நின்னா, தறி ஏங்க நிக்கணும்?" என்று கேட்டேன்.

மறுநாள் அவரே ராட்டையில் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த வாரமே ராட்டையை பெஞ்சு மேல் ஏற்றி, உட்கார முக்காலி போட்டுவிட்டார். இப்போது பாதித் தார் அவர்தான் சுற்றுகிறார். எனக்கு விரல் உணர்ச்சி ஓரளவு திரும்பியிருக்கிறது.

கோபம் மட்டும் ஆறவில்லை. எங்கள் தெருவில் பல பெண்களுக்கு இதே கைதான். கேட்டால், உடம்பில் சத்தில்லை என்று மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். வலியைக்கூட நான் ஒருநாள் மறந்துவிடலாம். என் உழைப்புக்கு என் வீட்டிலேயே சாட்சி இல்லாமல், நானே வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்ததை மட்டும் மறக்கவே மாட்டேன்.