டிரௌட்டும் பிக்கரலும் சமமானால்

டோரீன் ஹ்ரிஷ்கோ பதினோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். முழங்கால் தேய்ந்து படியேறி இறங்க முடியாமல் போனபோது, நாற்பத்து மூன்றாவது வயதில், கணினி வகுப்பில் போய் உட்கார்ந்தாள். வடக்கு மனிடோபாவின் அந்தச் சுரங்க ஊரில் பள்ளிப் பேருந்துகளுக்கான புரோகிராமைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை. படிப்பு முடிந்த வாரமே வேலை கொடுத்துவிட்டார்கள். ஏன் ஆள் இல்லை என்பது சேர்ந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அதை எழுதியவர் மெர்வின் தோர்லாக்சன், ஓய்வுபெற்றுப் போய்விட்ட ஒரு மீன்பிடிப் பைத்தியம். புரோகிராமுக்குள் அவர் வைத்த பெயர்களெல்லாம் ஏரி மீன்கள். பேருந்துக்கு ஸ்டர்ஜன், டிரைவருக்குப் பெர்ச். எது எதைக் குறிக்கிறது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அவர் விட்டுப்போன ஒரே குறிப்பு: "இதைத் தொடாதே. காரணம் மறந்துவிட்டது." டோரீன் ஒருமுறை எதற்கும் உதவாத வரி என்று நினைத்து ஒன்றை அழித்தாள். மறுநாள் காலை ஊரின் இருபத்திரண்டு பேருந்துகளும் நான்காம் எண் பேருந்தாகிவிட்டன. அந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டினாள்.

ஒன்பது வருஷமாக மெர்வினைத் திட்டாத நாளில்லை. ஆனால் வேலையை விடவும் மனம் வரவில்லை. ஒவ்வொரு மீனும் இன்னதென்று பிடிபடும்போது அவளுக்கு வரும் சந்தோஷமே தனி. உடனே ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவாள்.

ஜனவரியில் ஒரு காலை, பேருந்து நிலையத்து மேலாளர் லெஸ் ஃப்ரீசன் போன் பண்ணினார்.

"டோரீன், தாயே, உன் போனுக்கு மெசேஜ் வந்துச்சா?"

"பாக்கல. பல்லு வெளக்கிட்டிருக்கேன்."

"கோடை வந்துடுச்சு, சந்தோஷமா வெளக்கு."

"அய்யய்யோ! மறுபடியுமா?"

கடுங்குளிர் நாளில், நிலையத்து வெப்பமானியைப் பார்த்து அந்தப் புரோகிராமே 'இன்று பேருந்து இல்லை, பள்ளி உண்டு' என்று பெற்றோருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அன்றைக்குப் போனதோ இது: 'இனிய கோடை விடுமுறை! ஏரியில் பார்த்துக் குளியுங்கள். செப்டம்பரில் சந்திப்போம்.'

"பாதிப் பசங்க மறுபடி போத்திக்கிட்டுப் படுத்துட்டாங்களாம்," என்றார் லெஸ். "வாத்தியாருங்கள்லயே ரெண்டு பேரு வரல."

இது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் சோதித்துப் பார்த்திருக்கிறாள். மைனஸ் முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து என்று எதைக் கொடுத்தாலும் சரியான தகவலே வரும். "உன் முன்னாடி மட்டும் நல்ல புள்ளையா நடிக்குது" என்று லெஸ் சிரிப்பார்.

இந்த முறை விடுவதில்லை என்று முடிவு செய்தாள். கோடை வாழ்த்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு வரியாக, மூன்று நாள் நடந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் அந்த வரி அகப்பட்டது. டிரௌட்டும் பிக்கரலும் சமமானால் கோடை வாழ்த்தை அனுப்பு. இந்த இரண்டு மீன்களுக்கும் சுவரில் சீட்டு இல்லை.

சனிக்கிழமை ஏரிக்குக் காரை விட்டாள். உறைந்த ஏரியின் நடுவே தன் குடிசையில், பனிக்கட்டியில் போட்ட துளைக்கு முன்னால் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார் மெர்வின்.

"டிரௌட்னா என்ன, மெர்வ்?"

"மீனும்மா. இந்த ஊர்ல பொறந்துட்டு இதைக் கேக்குறியே?"

"உங்க புரோகிராம்ல!"

தாடியைச் சொறிந்து யோசித்தார். "ஆங், டிரௌட்டு செல்சியஸ். பிக்கரல் ஃபாரன்ஹீட். பழைய டிரைவருங்க ஃபாரன்ஹீட்தான் கேப்பானுங்க, அதான் ரெண்டையும் வச்சேன்."

"அது ரெண்டும் சமமானா எப்படிக் கோடை?"

"வருஷா வருஷம் ஜூன்ல லீவு விட்டதும் வெப்பமானி வயரைப் புடுங்கிடுவேன், இப்ப லெஸ் புடுங்குறான். புடுங்கினா ரெண்டுமே பூஜ்யம். சமமா வந்தா வயரு இல்ல, வயரு இல்லன்னா கோடை. எப்படி என் மூளை?" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். "மத்தபடி செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் எந்தக் காலத்துல சமமாகப் போகுது?"

டோரீனின் கண் கதவோரம் தொங்கிய வெப்பமானியில் நின்றுவிட்டது. இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு. மேலே ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்கள். அடியில் மட்டும் மைனஸ் நாற்பதுக்கு எதிரே மைனஸ் நாற்பது.

"மெர்வ், இங்க வந்து இதைக் கொஞ்சம் படிங்க."

எழுந்து வந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் தூண்டிலில் சிக்கிய மீனும் போயிற்று. சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிய டோரீனும் தோற்றுப்போனாள்.

"ஒம்பது வருஷமா உங்களை என்னென்ன சொல்லித் திட்டியிருக்கேன் தெரியுமா?"

"லெஸ் சொல்லியிருக்கான். சிலதை எழுதிகூட வச்சிருக்கேன்."

திங்கட்கிழமை அந்த ஒரே வரியைத் திருத்தினாள்: இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மட்டும் கோடை. திருத்தியதும் இருபத்திரண்டு பேருந்துகளின் எண்களையும் சரிபார்த்தாள். எல்லாம் அதனதன் எண்ணோடு நின்றன.

பிப்ரவரியில் ஒருநாள் விடியற்காலை, கச்சிதமாக மைனஸ் நாற்பது. டோரீன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். ஆறு மணிக்கு மணியடித்தது. 'இன்று பேருந்து இல்லை, பள்ளி உண்டு.' அவள் போட்ட கூச்சலில் கணவர் தூக்கம் கலைந்து ஓடிவந்தார்.

ஐந்து நிமிடம் கழித்து லெஸ் கூப்பிட்டார்.

"எம்பொண்ணு உம்மேல செம கோவத்துல இருக்கா. கோடையை ஏன் கெடுத்தீங்கன்னு கேக்கச் சொன்னா."

"ஜூன்ல தரேன்னு சொல்லு," என்றாள் டோரீன். "அதுவரைக்கும் நடந்து போகட்டும்."