காதுக்குள் இருந்த மகள்

எங்கள் ஓட்டலுக்குக் காலை டிபன் சாப்பிட வரும் டூரிஸ்ட்டுகளில் பாதிப் பேர் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். வெள்ளையாக, அவரைக்கொட்டை அளவில் இருக்கும். யார் நம்மிடம் பேசுகிறார்கள், யார் எங்கோ இருப்பவர்களிடம் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒருமுறை ஒருவருக்கு இட்லி வைத்துவிட்டுச் சாம்பார் வாளியோடு நிமிர்ந்தேன். அவர் நேராக என் முகத்தைப் பார்த்து, "இனிமே என் கண்ணு முன்னாடியே வராத, சொல்லிட்டேன்" என்றார். நான் வாளியோடு சமையற்கட்டுக்குள் போய்விட்டேன். என்ன தப்புச் செய்தோம், இட்லி ஆறிப்போயிருந்ததா, முதலாளியிடம் சொல்லிவிடுவாரோ என்று கண்ணீரே வந்துவிட்டது. கவுண்டரில் இருக்கும் பெண் ஓடிவந்து, "அக்கா, அவரு போன்ல அவரு தம்பியத் திட்டினாருங்க்கா. உங்ககிட்டச் சாம்பாரு கேக்கறாரு, போங்க" என்று சிரித்தாள்.

எனக்குப் பயப்படுவதற்கு இவ்வளவுகூட வேண்டாம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள் நான். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதனால் தெரியாதது நிறைய, தெரியாதது எல்லாமே பயம். அப்படிப்பட்டவள் அந்த அவரைக்கொட்டையை நானே மாட்டிக்கொண்டு மலைப் பாதையில் ஸ்கூட்டர் ஓட்டுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் வீடு வெள்ளக்கடை கிராமத்தில். ஓட்டல் ஏற்காடு டவுனில். வீட்டுக்காரர்தான் விடியற்காலையில் என்னை வண்டியில் கொண்டுபோய் விடுவார். அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தபிறகு டாக்டர் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பஸ் வருவதற்குள் டூரிஸ்ட்டுகள் சாப்பிட்டுக் கையும் கழுவிவிடுவார்கள். ஷேர் ஜீப் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். அவருக்கு வேலையில்லாத அந்த நாட்களில் என் வேலையும் போனால் என்ன ஆவது? நாற்பது தாண்டிய வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டேன். மைதானத்தில் நன்றாகவே ஓட்டினேன். ரோட்டுக்கு வந்து முதல் வளைவைப் பார்த்ததும் கை இரண்டும் விறைத்துக்கொண்டன.

மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். அவள் வேலை முடித்து ஹாஸ்டல் அறைக்கு வருகிற நேரமும் நான் கிளம்புகிற நேரமும் ஒன்று. "நான் போன்ல கூடவே வரேம்மா. பேசிட்டே போனா பயம் தெரியாது" என்று சொல்லி, தோழியிடம் அந்தக் கருவியைக் கொடுத்தனுப்பினாள். இரண்டு இருந்தது. நான் இடது காதுக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் ஹெல்மெட்.

அவள் குரல் காதுக்குள் வந்ததும் நடந்ததை என்னவென்று சொல்வேன்! தலைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் வைத்து நான் தள்ளிக்கொண்டு போவேன். இப்போது அவள் என்னைத் தள்ளினாள். "மெதுவாம்மா… இப்ப எங்க இருக்க… கோயிலு தாண்டிட்டியா?" கை இளகியது. வண்டி ஓடியது.

சரியில்லை என்று எனக்கும் தெரியும். வீட்டுக்காரர் அன்றாடம் சொன்னார்.

"காதை மூடிக்கிட்டு மலையில வண்டி ஓட்டறதும் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டறதும் ஒண்ணுதான் புள்ள."

"ஒரு காதுலதானுங்க மாட்டிருக்கேன்."

"அப்ப ஒத்தக் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டறேங்கற."

கவுண்டர் பெண் வேறு மாதிரி சொன்னாள். "ஒண்ணும் ஆகாதுங்க்கா. நான் சேலத்துல இருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் பாட்டுக் கேட்டுட்டேதான் வரேன். இல்லாட்டித் தூங்கிருவேன்." இதைக் கேட்டு எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து அவள் வந்து சேரும்வரை வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதும் என் வேலையாகிவிட்டது.

நானே எனக்குள் வழக்காடுவேன். போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஓட்டுகிறார்களே, அதைவிட இது மேல் இல்லையா? பயத்தில் கை விறைத்துப்போய் விழுவதைவிட மேல் இல்லையா? கேட்பேன், பதிலும் நானே சொல்லிக்கொள்வேன். எங்கள் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே வரும்போது மட்டும் பதில் வராது.

எஸ்டேட்டுக்கு நடுவில் போகிற குறுகலான வளைவு அது. இரண்டு பக்கமும் காப்பிச் செடி. பனி இறங்கினால் வண்டியின் முன்சக்கரமே தெரியாது. அங்கே எல்லோருக்கும் ஒரு வழக்கம். வளைவுக்கு முன்னால் நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு நிற்க வேண்டும். அந்தப் பக்கம் வண்டி வந்தால் விட்டு விட்டு இரண்டு ஹாரன் பதில் வரும். பதில் வந்தால் ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். வராவிட்டால் போகலாம். ஜீப் டிரைவர் அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவார். ஜீப்புக்குள் சண்டை போட்டுக்கொண்டு வரும் பெண்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். வளைவு தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கும்.

அன்றைக்கு நல்ல பனி. மகள் கேண்டீன் பூரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் பூரியால அடிச்சா செவுத்துல ஆணியே எறங்கும்மா." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே நீளமாக ஹாரன் அடித்தேன். வண்டியையும் நிறுத்தினேன். பதில் எதுவும் கேட்கவில்லை. வண்டியை வளைவில் இறக்கினேன்.

வெள்ளைப் பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்கு என் முகத்துக்கு நேரே வந்தது. ஜீப் பிரேக் அடித்த சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. நான் கைப்பிடியைத் திருப்பிக் காப்பிச் செடிக்குள் போய் விழுந்தேன்.

முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. ஜீப் டிரைவர் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடிவந்தார்.

"ரெண்டு தடவ அடிச்சேனுங்க்கா! கேக்கலீங்களா? ஹாரன் அடிச்சாப் போதுமாங்க? அந்தப் பக்கத்துல இருந்து என்ன சொல்றாங்கன்னு கேக்க வேண்டாமுங்களா?"

ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் திட்டினார்கள். என் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அந்தக் கருவி கீழே விழுந்தது. அதிலிருந்து, "அம்மா… அம்மா… என்னம்மா சத்தம்" என்று எறும்பு அழுவதுபோல ஒரு குரல். திட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி அதைக் குனிந்து எடுத்து, சேலையில் துடைத்து, அதற்குள் வாயை வைக்காத குறையாகக் கத்தினாள்.

"கண்ணு, உங்கம்மா நல்லாத்தான் இருக்கறாங்க. ஒண்ணுமில்ல. அழுவாத சாமி. மொதல்ல போனை வைய்யி!"

வீட்டுக்காரர் முழங்கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினார். வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி மனசு ஆறியிருக்கும்.

மகள் போனில் அழுதாள். "நான் பேசிப் பேசியே உன்னைக் கொன்னுருப்பேம்மா."

"அப்படிச் சொல்லாத சாமி. சிரிச்சது நானு."

"இனி நீ வண்டியத் தொடாத."

அந்த வாரம் ஜீப்பில் போனேன். ஜீப் நிறைந்து கிளம்பி நான் போய்ச் சேரும்போது கவுண்டர் பெண் இட்லித் தட்டைத் துணி இல்லாமல் வைத்து ஒட்டவிட்டுக்கொண்டிருப்பாள். முதலாளி கோபப்படவில்லை. "உங்களுக்கு நொம்பக் கஷ்டமா இருந்தா வேற ஆளு பாத்துக்கறேனுங்க" என்றார், அவ்வளவு பதமாக. அந்தப் பதத்துக்குத்தான் நான் பயந்தேன். கோபக்காரர்கள் மறந்துவிடுவார்கள். பதமாகச் சொல்கிறவர்கள் ஆள் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். வேலை போனால் அடுப்புக்கு வழி என்ன என்பது ஒரு பக்கம். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் நாள் முழுவதும் பயப்பட நேரம் கிடைத்துவிடுமே என்பது இன்னொரு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பூண்டு உரித்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அவ பேசோணும்னுகூட இல்லீங்க. தனியாப் போகலைன்னு இருந்தா எனக்குக் கை வெறைக்காதுங்க."

அவர் காலை நீட்டி வைத்துக்கொண்டு தானும் ஒரு பூண்டை எடுத்து உரித்தார்.

"அவ பேசறதுனாலதான கோளாறு. காதுல ஒண்ணும் வேண்டாம். போனைப் போட்டு வண்டியில முன்னாடி டப்பாவுல வெச்சுக்க. நீ பேசிட்டே போ. அவ கேக்கட்டும்."

"அவ ஒண்ணும் பேச மாட்டாளாக்கும்?"

"பேசுனாலும் உனக்குக் கேக்காதில்ல. அப்புறம் உனக்கென்ன, நீ பேசறதுக்கு எதுத்தாப்பல ஆளே வேண்டியதில்ல. இத்தன வருசமா எங்கூட அப்படித்தான குடும்பம் நடத்தற."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூண்டுத் தோலுக்கு மேல் வைத்தார்.

மறுநாள் மகளுக்குப் போன் போட்டேன். "நீ பேசக்கூடாது சாமி, கேட்டுட்டு மட்டும் வா" என்றேன். அவள் 'சரி' என்றது அழுகிற குரல் மாதிரி இருந்தது. போனை டப்பாவில் வைத்துக் கிளம்பினேன்.

முதலில் காது வெறுமையாக இருந்தது, வளையல் கழற்றிய கை மாதிரி. நானாகப் பேச ஆரம்பித்தேன். "கண்ணு, கோயிலு தாண்டறேன். ரோட்டுல நாயி படுத்திருக்குது, எந்திரிக்க மாட்டேங்குது. ஏ, போ அக்கட்ட! உனக்கில்ல சாமி, நாயச் சொன்னேன்." பேசப் பேசக் கை இளகியது. அந்த வளைவு வந்தது. பனி அன்றைக்கும் இருந்தது. "இப்பப் பேச மாட்டேன் கண்ணு" என்று சொல்லி, நீளமாக ஹாரன் அடித்து, வண்டியை நிறுத்தினேன்.

இத்தனை நாள் அந்த இடத்தில் என்னென்ன சத்தம் இருந்தது என்றே எனக்குத் தெரியாது. சில்வர் ஓக் மரத்து இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். எங்கோ தூரத்தில் யாரோ இருமினார்கள். அப்புறம் கீழேயிருந்து இரண்டு ஹாரன். அது வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியை ஓரமாக இன்னும் ஒடுக்கி நிறுத்திக்கொண்டு, "ஜீப்பு வருது கண்ணு" என்று சத்தமாகச் சொன்னேன்.

ஜீப் மெதுவாக ஏறி வந்து என் பக்கத்தில் நின்றது. அதே டிரைவர்.

"வணக்கமுங்க்கா. பரவால்லயே, நின்னுட்டீங்க! தனியா யாருகூடப் பேசிட்டு வர்றீங்க? வர்றப்பவே சத்தம் கேட்டுச்சு."

"மககூடங்க."

"காதுல ஒண்ணையுங் காணோம்?"

"அவ காதுல இருக்குதுங்க" என்று டப்பாவில் இருந்த போனைக் காட்டினேன்.

ஜீப்புக்குள் இருந்த பெண்கள் சிரித்தார்கள். முந்தி கருவியைத் துடைத்துக் கொடுத்தவள் எட்டிப் பார்த்து டப்பாவை நோக்கி, "கண்ணு, உங்கம்மா இன்னைக்குச் செடிக்குள்ள உழுவல!" என்று கத்தினாள். ஜீப் போய்விட்டது. மிச்ச வழி முழுவதும் நான் பேசிக்கொண்டே போனேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டு நாய்க்குட்டி, மிளகு காய் பிடித்திருப்பது, அவள் அப்பா முழங்காலைக் காட்டிக் காட்டி டீ வாங்கிக் குடிப்பது எல்லாம்.

ஓட்டலின் பின்பக்கம் வண்டியை நிறுத்திப் போனை எடுத்தேன். "வந்து சேந்துட்டேன் சாமி." பதில் இல்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பயம் வந்துவிட்டது. போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன்.

மூச்சு. ஒரே சீராக, நடு நடுவில் லேசாக மூக்கடைத்துக்கொண்டு. ராத்திரி முழுவதும் நின்ற பிள்ளை, நான் நாயை விரட்டியபோதே தூங்கிவிட்டாளோ, ரைட்டர் வீடு வந்தபோதோ, தெரியவில்லை. அந்த மூச்சை இவ்வளவு பக்கத்தில் கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

போனைக் கட் பண்ண மனசு வரவில்லை. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, மாஸ்டர் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார். நான் ஸ்வெட்டரைக் கழற்றி, போனை அதற்குள் இரண்டு சுற்றுச் சுற்றி, சத்தம் படாத அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு இட்லி ஊற்றப் போனேன்.