அம்மா எழுதிய பதினொரு துண்டுகள்

எங்கள் அம்மா கண்மூடி முப்பத்தொரு நாட்கள் ஆகின்றன. இந்த நினைவு மலருக்கு மகள் என்ற முறையில் நான் எழுத வேண்டும் என்று முடிவானதும், பெரியகல்லாற்றில் இருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் மூத்த சகோதரர், என்னைத் தனியே கூப்பிட்டார். "புள்ள, சுட்டது வெட்டினது ஒண்டும் எழுதாத. அவள் நல்லா வாழ்ந்தாள் எண்டு எழுது, போதும். வாசிக்கிற சனத்துக்கு மனம் நொந்துபோகும்." மாமாவின் சொல்லை நான் இதுவரை தட்டியதில்லை. இந்த ஒரு முறை தட்டுகிறேன். இரத்தத்தை விட்டுவிட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அம்மா பிறந்ததும் வளர்ந்ததும் பெரியகல்லாற்றில்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்பாவைக் கைப்பிடித்து, வாவியின் மேற்குக் கரையில் வயல் வட்டைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். அண்ணா பிறந்தார், மூன்று வருடம் கழித்து நான். அம்மா அதிகம் பேசமாட்டார், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். அந்தக் குணம் எனக்கும் வந்திருப்பதால் நாங்கள் இருவரும் ஒரு வீட்டுக்குள் சமாதானமாக இருந்த நாட்கள் குறைவு.

எனக்குப் பதினைந்து வயது நடந்தபோது, ஊர்ப் பாடசாலையில் ஞாயிறு பின்னேரங்களில் வளர்ந்தோர் வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். தையல் பழக்குவார்கள் என்று நம்பிப் போன பெண்களில் பாதிப் பேர், செடி கொடி என்று கேட்டதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அம்மா திரும்பவில்லை. படிப்பித்தவர் பட்டினத்தில் இருந்து வாவி கடந்து வந்த, பறங்கியர் குடும்பத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எல்லோருக்கும் அவர் மிஸ். எங்கள் கரைக்கு உரிய செடி எது, வெளியில் இருந்து வந்து அதை நெரிப்பது எது, கரையில் நிற்கும் கண்டல் மரத்தின் வேருக்குள் இறால் குஞ்சு எப்படி வளர்கிறது, இடிந்த கரையில் கண்டல் விதையை எப்படி ஊன்றுவது என்றெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தார். அண்ணாவும் நானும் கேலி செய்வோம். "அம்மா, தில்லை மரத்துக்குப் பிறந்த நாள் எப்ப?" என்று அண்ணா கேட்பார். அம்மா அகப்பையை ஓங்குவார்.

செடியைக் காய வைக்கும் முறைதான் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது. பழைய பத்திரிகைத் தாளுக்குள் ஒரு கிளையை விரித்து, மேலே பலகை வைத்து, பாரத்துக்கு அம்மிக் குழவியையும் ஏற்றிவிடுவார். ஒவ்வொரு கிளையோடும் ஒரு கடதாசித் துண்டு போகும். கண்ட இடம், கண்ட நாள், அடையாளம், பெயர், கண்டவர் என்று ஐந்து விபரம் எழுத வேண்டும்.

அந்தத் துண்டில் அம்மா ஒருமுறை பிழை விட்டார். குளக்கட்டில் நின்ற ஒரு பற்றையை, பூக்காத காலத்தில் பார்த்து, நாயுண்ணி என்று எழுதிக் கொடுத்தார். நாயுண்ணி வெளியில் இருந்து வந்து பரவியது, அதைப் பிடுங்குவது வகுப்பின் வேலை. அடுத்த ஞாயிறு பத்துப் பெண்கள் மண்வெட்டியோடு போய், அந்தப் பற்றையை ஒரு வேர் விடாமல் கிண்டி எரித்தார்கள். அது நாயுண்ணி இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் குளக்கட்டில் மட்டும் நின்ற ஒரு செடி. அதன் சரியான பெயர் எனக்கு நிச்சயமில்லாததால் இங்கே எழுதவில்லை. மிஸ் ஏசவில்லை. "தெரியாட்டி தெரியாது எண்டு எழுதுங்க. தெரியாது எண்டு இருந்தா ஆராவது திரும்பி வந்து பார்ப்பாங்க. பிழையான பேரை எழுதினா ஒருத்தரும் தேட மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வருட அறுவடைக் காலத்தில் அது நடந்தது. துவக்கு ஏந்தி வந்தவர்களைத் துவக்குக்காரர் என்று மட்டும் எழுதுகிறேன். அந்நாட்களில் எங்களைச் சுற்றிப் பலவகைத் துவக்குகள் இருந்தன. விடிந்து சற்று நேரத்தில் வட்டையைச் சுற்றி வளைத்தார்கள். அப்பாவும் அண்ணாவும் கதிர் வெட்டுக்குப் போயிருந்தார்கள். கூலிக்கு வந்த வெளியூர் ஆட்களும் இருந்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பாடசாலைக்குள் அடைத்தார்கள், நாங்கள் முழங்காலில் இருந்தபடி வெடிச்சத்தத்தைக் கேட்டோம். முதலில் தொடர்ச்சியாகக் கேட்டது, பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது. அந்த ஒவ்வொன்றும் என்னவென்று அங்கே இருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஒருத்தி தன் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு, பிணங்களை இழுத்து ஓரிடத்தில் சேர்க்கப் பெண்கள் வேண்டும் என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவும் ஒருவர். நான் அம்மாவின் சீலையைப் பிடித்தபடி போனேன். துரத்தினார்கள், நான் திரும்பிப் போகவில்லை.

வாய்க்கால் கட்டில் பத்துப் பேர் கிடந்தார்கள். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. சிலருக்கு அரிவாளாலும் வெட்டு விழுந்திருந்தது, அவர்களுடைய சொந்த அரிவாள்களால். வாய்க்கால் தண்ணீர் சிவந்து, அறுத்த கதிர்கள் அதில் மிதந்தன. எரிந்துகொண்டிருந்த காவல் வாடிக் குடிசைக்குள் இருந்து இன்னொரு உடலை நாங்கள்தான் இழுத்தோம். இடுப்புக்கு மேலே கரி. பிடித்த இடத்தில் தோல் என் கையோடு வந்தது. உயிரோடு சிலரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பக்கத்து வட்டைக்காரர் ஒருவர் பிறகு சொன்னார்.

வைக்கோலும் வண்டி ரயரும் போட்டு உடனே எரிக்க வேண்டும், பெயர் விபரம் யாரும் எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. அம்மாவின் இடுப்பில் வகுப்புப் பை இருந்தது. அதில் வெற்றுத் துண்டுகளும் ஒரு பென்சிலும் இருந்தன. அம்மா குனிந்து இழுப்பதும், நிமிரும்போது எழுதுவதுமாக இருந்தார். மூன்றாவது அப்பா. நெஞ்சில் சுட்டிருந்தார்கள். அம்மா அப்பாவின் முகத்தைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தார். இடம், நாள், அடையாளம், பெயர், கண்டவர். அதையும் எழுதினார். அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பை மறைத்து இந்த மலரில் பொய் எழுத விருப்பமில்லை. இவள் என்ன பெண், அழாமல் எழுதுகிறாளே என்று நினைத்தேன்.

எட்டாவது துண்டில் ஒருவன் கண்டுவிட்டான். "என்ன எழுதுறது?" என்று உடைந்த தமிழில் கேட்டான். அம்மா பையைத் திறந்து காய்ந்த இலைகளைக் காட்டினார். "செடி வகுப்பு, சேர்." அவன் பையை உதறி, இலைகளைச் சப்பாத்தால் மிதித்து, துவக்குப் பிடியால் அம்மாவின் வலது கையை ஒரு மரக்குற்றியில் வைத்து அடித்தான். இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எழுதிய துண்டுகள் அதற்கு முன்பே அம்மாவின் சட்டைக்குள் போயிருந்தன. மீதி மூன்றையும் அவன் அங்கால் போன பிறகு, சிதறிக் கிடந்த துண்டுகளையும் பென்சிலையும் பொறுக்கி, இடது கையால் எழுதினார்.

ஒன்பதாவது துண்டு அந்த எரிந்த உடலுக்கு உரியது. எழுத்து நண்டு நடந்ததுபோல் இருக்கும். "ஆண். இளம் வயது. நீலச் சாரம். அரைஞாணில் பித்தளைச் சாவி ஒன்று. பெயர் தெரியாது."

அண்ணா அன்று காலை நீலச் சாரம் கட்டிக்கொண்டுதான் போனார். அண்ணாவின் உயரம். வாய்க்கால் கட்டில் கிடந்த மற்றவர்களில் அண்ணா இல்லை. சாவி எந்தப் பூட்டுக்கு உரியது என்று நான் யோசிக்கவில்லை, எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. "அம்மா, இது அண்ணா" என்றேன். அம்மா அந்தக் கால்களைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். "அவன்ட மாதிரியும் கிடக்கு. இல்லாத மாதிரியும் கிடக்கு" என்றார். சாவியை அறுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டார். பிறகு நெருப்பு வைத்தார்கள்.

துண்டுகளை அம்மா காய்ந்த செடிகளோடு பத்திரிகைத் தாள்களுக்குள் வைத்தார். எங்கள் வீட்டை இரண்டு முறை சோதனை போட்டார்கள். ஒருமுறை அம்மாவைத் தலைமயிரில் பிடித்து முற்றம் வரைக்கும் இழுத்தார்கள், அரிசிப் பானையை உடைத்தார்கள், கூரையைக் குத்திப் பார்த்தார்கள். சருகுக் கட்டை ஒருவரும் தொடவில்லை. காலப்போக்கில், "செடிக்கார அக்காட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்க" என்று காதோடு காதாகச் செய்தி போய், தேடி வந்தவர்களுக்கு அம்மா தாளை விரித்துக் காட்டினார். இப்படி, எங்களுக்கு உரிய அப்பாவின் துண்டோடு சேர்த்து, பத்துத் துண்டுகள் உரியவர்களிடம் சேர்ந்தன. ஒன்பதாவது எங்கள் வீட்டிலேயே கிடந்தது.

அண்ணாவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளையின் காலைத் தெரியாதா என்று ஊரில் கேட்டார்கள். மாமாவும் கேட்டார். எனக்கு ஒரு முடிவு வேண்டும், அதற்காக எதையும் செய்யலாம் என்ற நிலையில் இருந்தேன். ஒரு நாள் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, ஒன்பதாம் துண்டை எடுத்து, 'தெரியாது' என்பதை அழித்துவிட்டு அண்ணாவின் பெயரை எழுதினேன். அம்மா வந்து பார்த்தார். அந்த வளைந்த விரல்களால் என் கன்னத்தில் அடித்தார், நான் சுவரில் மோதி விழுந்தேன். திரும்பவும் அடித்தார். என் உதடு கிழிந்தது.

"இந்தப் புள்ளயப் பெத்தவள் ஒரு நாளைக்கு இஞ்ச வருவாள். உன்ட கொண்ணன்ட பேரைப் பார்த்துப்போட்டுத் திரும்பிப் போயிருவாள். அவளுக்கு ஆர் பதில் சொல்லுற?"

"அப்ப அண்ணாக்கு ஆர் பதில் சொல்லுற?" என்று கேட்டேன்.

அம்மா துண்டைக் கையில் எடுத்தார். என் எழுத்தை அழித்துவிட்டு முன்பு இருந்ததையே எழுதினார். அதன் பிறகு நாங்கள் இருவரும் ஆறேழு மாதம் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு போட்டு வைப்பார், நான் சாப்பிடுவேன்.

எட்டு வருடம் போனது. நாட்டில் சண்டை முடியவில்லை, ஆனால் தெருக்கள் கொஞ்சம் திறந்திருந்த ஒரு காலம். பனிச்சங்கேணியில் இருந்து ஒரு அம்மா வந்தார். மகன் அந்த வருடம் வெட்டுக் கூலிக்கு எங்கள் பக்கம் வந்தவனாம். ஊரூராகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா ஒன்பதாம் துண்டை எடுத்து வாசித்தார். சாவி என்ற இடத்தில் அந்த அம்மா நிலத்தில் குந்திவிட்டார்.

"எங்கட பெட்டகத்துச் சாவி. மறந்து கொண்டு போயிட்டான். நான் அவனைக் கண்டபடி பேசினன்கா. வரட்டும், வந்தா அடிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தன்."

நாங்கள் மூவரும் பனிச்சங்கேணிக்குப் போனோம். பெட்டகத்தை அவர் உடைக்காமலே வைத்திருந்தார். துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டு அம்மாதான் சாவியைப் போட்டார். மூன்றாம் முறை திரும்பியது. அந்த அம்மா பெட்டகத்தின் மேல் விழுந்து அழுதார். அதைவிட உரத்து எங்கள் அம்மா அழுதார். அப்பாவைத் துடைத்தபோது அழாதவர், விரல் முறிந்தபோது அழாதவர், மண்ணில் புரண்டு, "அப்ப என்ட புள்ள எங்க, என்ட புள்ள எங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த எட்டு வருடமும் ஒன்பதாம் துண்டு அண்ணாதான் என்று என்னைவிட அதிகமாக அம்மாவே நம்பியிருக்கிறார். அப்படி நம்பிக்கொண்டும் எழுதாமல் இருந்திருக்கிறார். அன்று நான் அவர் காலைப் பிடித்தேன். அதற்கு முன் பிடிக்காததற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

மிஸ் பிறகு வெளிநாட்டுக்குப் போய்விட்டார், வகுப்பு மறுபடி கூடவில்லை. அம்மா ஞாயிறு பின்னேரங்களில் தனியாகப் போய்க் கரையில் கண்டல் ஊன்றினார், நாயுண்ணி பிடுங்கினார். இலையை மூன்று தரம் புரட்டிப் பார்த்துத்தான் பிடுங்குவார். கடைசி இரண்டு வருடம் சீனி வருத்தம் என்ற நீரிழிவு அவரைப் படுக்கையில் போட்டது. நினைவு தடுமாறிய நாட்களில் வாசலில் ஆள் அரவம் கேட்டால், "ஆரது, துண்டு பார்க்க வந்தவங்களா? இருக்கச் சொல்லு" என்பார்.

அம்மாவின் வருத்த காலத்தில் உதவிய அயலவர்களுக்கும், வைத்தியசாலையில் இரவு பகலாகக் கூட நின்ற உறவுகளுக்கும், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமா என்னை மன்னிக்க வேண்டும். பனிச்சங்கேணி அம்மா இந்த முதிய வயதிலும் மூன்று பேருந்து மாறி வந்து, எங்கள் அம்மாவைக் குளிப்பாட்டும்போது அந்த வளைந்த விரல்களைத் தன் கையால் கழுவினார். அவருக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

நேற்று அச்சகத்தில் இருந்து கேட்டார்கள். மலரின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர் வரும் இடத்தில், மூத்த மகனின் பெயருக்கு முன்னால் 'அமரர்' போடுவதா, வேண்டாமா என்று. வெறும் பெயரைப் போடச் சொன்னேன்.