பின்வரிசையில் நின்ற சனிக்கிழமைகள்

கோடைகாலத்துச் சனிக்கிழமைகளில் எங்கே போகிறேன் என்று நாங்கள் குடியேறிய ஆங்கிலேய ஊரான லூயிஷாமில் யாராவது கேட்டால், "பந்தடிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். அவுஸ்திரேலியர்களின் பந்தாட்டம் என்று சொன்னால் அரை மணித்தியாலம் நின்று விளக்கவேண்டி வரும். அதற்குப் பேசாமல் போகலாம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நான் பார்சல் ஏற்றிய வெயார்ஹவுசில் இரண்டு வருட விசாவில் வந்த அவுஸ்திரேலிய இளைஞன் ஒருவன் இருந்தான். அவனுடைய அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. ஊரில் வலை கட்டிக் கரப்பந்து விளையாடியவன் என்று நான் எப்போதோ வாய்விட்டிருந்தேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

முட்டை வடிவப் பந்து. உதைக்கலாம், குத்தலாம், பிடிக்கலாம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையால் உதைத்து அனுப்பினால் கோல், ஆறு புள்ளி. கையில் பட்டுப் போனாலோ, ஓரத்தால் போனாலோ ஒரே ஒரு புள்ளிதான். உதைபட்டு வரும் பந்தை ஒருவன் சுத்தமாகப் பிடித்துவிட்டால் பிறகு அவனை யாரும் தொட முடியாது, ஆறுதலாக நின்று உதைப்பான். ஆகவே அவன் பிடிக்கமுன் எம்பிக் குத்திக் கலைப்பதற்கென்றே பின்வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். வலைக்கு முன்னால் எம்பிப் பழகிய என் கையைப் பார்த்ததும் முதல்நாளே என்னைக் கம்பத்தடிக்கு அனுப்பினார்கள். ஏழு வருடம் அங்கேயே நின்றேன்.

விசா முடிய முடிய ஆட்கள் விமானம் ஏறினார்கள், புது ஆட்கள் வந்தார்கள். நான் மட்டும் நாங்கள் ஆடிய பூங்காவின் மரம்போல மிஞ்சினேன். கம்பங்கள் எந்தக் கொட்டிலில் கிடக்கின்றன என்று புதியவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். அதற்குமேல் பின்வரிசைக்காரனுக்கு மரியாதை கிடையாது. வந்த பந்தையெல்லாம் கலைத்தால் அது அவன் கடமை. ஒன்றை விட்டால் போதும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

சனிக்கிழமைகளில் என் மனைவிக்குக் கடையில் வேலை. ஆட்டம் பார்க்க வந்ததே இல்லை. சேற்றோடு நான் வாசலில் நிற்கும்போது ஒவ்வொரு கிழமையும் ஒரே கேள்விதான்.

"என்னப்பா, இண்டைக்காவது கோல் அடிச்சனீங்களோ?"

இல்லை என்பேன். பிறகு ஏன் இவ்வளவு சேறு என்று கேட்டுக்கொண்டே சப்பாத்தைத் தூக்கி வெளியே வைப்பாள். பகிடிதான். ஆனாலும் எனக்குச் சுடும். என் இடம் அப்படி என்று விளக்கினால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முடித்துவிடுவாள்.

இரண்டாம் தடவையும் தோள் மூட்டு விலகியபோது, அந்தக் கோடையோடு போதும் என்று முடிவெடுத்தேன். கடைசி ஆட்டத்துக்கு அவள் லீவு எடுத்தாள். ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்து, எல்லைக்கோட்டருகே கதிரை போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு இவளுக்கு முன்னால் ஒரு கோல், ஒன்றே ஒன்று போதும் என்று மனம் அடித்துக்கொண்டது.

எதிரணியில் ஒரு நெட்டையன். முக்கால் ஆட்டம் அவனோடு மல்லுக்கட்டினேன். பிறகு எங்கள் அணித்தலைவன் வந்து, விடைபெறும் பின்வரிசைக்காரனை முன்னே அனுப்பி ஒரு கோல் அடிக்கவிடுவது தங்கள் வழக்கம் என்றான். போய் எதிர்க் கம்பத்துக்கு முன்னால் நின்றேன். அந்தப் பக்கம் நெட்டையன் அவிழ்த்துவிட்ட மாடானான். வரிசையாக இரண்டு கோல் அடித்தான்.

கடைசி நிமிடங்களில் எனக்கென்றே ஒரு பந்து வந்தது. உயர்ந்து, மெதுவாக, நேராக என் தலைக்கு மேலே. பக்கத்தில் ஒருவரும் இல்லை. பிடித்தால் போதும், கம்பம் கூப்பிடுதூரம். எம்பினேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் கை தானாகவே முட்டியாகிப் பந்தைக் குத்தியது.

பந்து நடுக் கம்பங்களுக்கு இடையால் உருண்டு போனது. நடுவர் ஒரு விரலைக் காட்டினார். ஒரு புள்ளி. ஏழு வருடத்தில் நான் எடுத்த ஒரே புள்ளி. அணி முழுவதும் சிரித்துக்கொண்டு என் மேல் வந்து விழுந்தது. ஆட்டத்தில் தோற்றோம். ரோல்ஸ் பெட்டி காலியானது.

வீடு திரும்பும்போது ரோட்டையே பார்த்துக் காரை ஓட்டினேன். கைக்கு எட்டியதை நானே குத்தித் தள்ளினேனே என்ற வெட்கம். சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியபோதுதான் அவள் கேட்டாள்.

"நீங்கள் அங்கை நிக்குமட்டும் அந்த நெட்டையன் எத்தினை கோல் அடிச்சவன்?"

"ஒண்டும் அடிக்கேல்லை."

"பிறகென்ன?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வெளியே பார்த்துக்கொண்டு, பச்சை விழுந்திட்டுது, காரை எடுங்கோ என்றாள்.