கெவுளி சொன்ன சாட்சி

எனக்கு ஒன்பது வயது ஆகும்வரை, வாழைப்பழம் தின்றால் உலகத்தில் எல்லோருக்கும் வாய் அரிக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மிளகாய் உறைக்கும், புளி பல்லைக் கூசவைக்கும், பழம் நாக்கிலும் அண்ணத்திலும் அரிக்கும். அதுதான் பழத்தின் ருசி. வெள்ளரிப்பிஞ்சும் அப்படித்தான். வேறு யாரும் அதைப் பற்றிப் புலம்பவில்லை என்பதால் நானும் புலம்பவில்லை. தின்று முடித்ததும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ச்ச் ச்ச்' என்று இழுத்தால் அரிப்பு கொஞ்சம் அடங்கும். சுவர்ப்பல்லியை எங்கள் பக்கம் கெவுளி என்பார்கள். இந்தச் சத்தத்துக்காக வீட்டில் எனக்கும் அதுவே பெயராகிவிட்டது. பெரியவர்கள் எப்படிச் சத்தமே போடாமல் பழம் தின்கிறார்கள் என்று பலமுறை வியந்திருக்கிறேன். வயதானால் பழகிப்போகும் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கருப்பட்டி மண்டி. வீடு ஊரின் மேற்குக் கடைசியில் இருந்தது. அதற்கப்பால் உடைமரக் காடு, அதைத் தாண்டினால் உப்பளம். தையும் மாசியும் வந்து உடைமரம் பூத்துவிட்டால் எனக்கு மூக்குக்கு ஓய்வே இராது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, தும்மித் தும்மியே அந்த இரண்டு மாதத்தைக் கழிப்பேன். கடற்காற்று சேரவில்லை என்றாள் அம்மா. அழுக்குத் தண்ணீரில் விளையாடுகிறேன் என்றார் அப்பா. மரத்தை யாரும் குறை சொல்லவில்லை, பாவம், அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மதினி ஏரல்காரி. ஆற்றுப் பாசனத்தில் அவள் அப்பாவுக்கு வாழைத்தோட்டமே இருந்தது. மணமக்கள் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் நடுக்கூடமான பட்டாசலில் உட்காரவைத்துப் பால்பழம் கொடுத்தார்கள். ஒரு மடக்குப் பால், ஒரு துண்டு பழம், இப்படி மூன்று தடவை. மதினி பாலைக் குடித்தாள். பழத்தை வாயருகே கொண்டுபோனாள், குனிந்தாள், பிறகு அது அவள் முந்தானைக்குள் போய்விட்டது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அது தெரிந்தது. பிறகு தின்பதற்காகப் பத்திரப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். என் வயதில் அதைவிட நியாயமான காரணம் வேறு இல்லை.

மதினியை எனக்கு இரண்டே நாளில் பிடித்துப்போனது. அவளும் தும்மினாள். அப்பா மண்டிக்குப் புறப்படும்போது அவள் ஒரு தும்மல் போட்டால் வீடே நின்றுவிடும். ஒற்றைத் தும்மல் சகுனத்தடை அல்லவா? "இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அம்மா செம்போடு வருவதற்குள், நான் மூக்கை இரண்டு தேய்ப்புத் தேய்த்து அடுத்த தும்மலைப் போட்டுவிடுவேன். இரட்டையாகிவிட்டால் தோஷமில்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போவார். மதினி கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். என் மூக்குக்கும் இந்த வீட்டில் ஒரு வேலை கிடைத்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்களோடு அத்தையும் இருந்தாள், அப்பாவின் அக்காள். அவள் கல்யாணத்தன்று பால்செம்பு கவிழ்ந்துவிட்டதாம். மூன்றாம் வருஷம் மாமா கொழும்புக்குப் போன தோணி திரும்பவில்லை. அன்றிலிருந்து அத்தை சகுனத்துக்குப் பயந்தே வாழ்ந்தாள். பேச்சுக்கு நடுவே சுவரில் கெவுளி சொன்னால், அந்தப் பேச்சு சத்தியம் என்று தரையில் மூன்று தடவை விரலால் தட்டுவாள். அண்ணனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

ஒரு நாள் அத்தை மதினியின் கூறைப்புடவையை வெயிலில் உதறிப்போட்டாள். முந்தானை முடிச்சிலிருந்து கறுத்துச் சுருங்கிய மூன்று துண்டுகள் விழுந்தன. அத்தை அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பட்டாசலுக்கு வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது என்னதுளா?"

மதினி தலைகுனிந்தாள். "பச்சப் பழம் எனக்கு ஆகாது பெரியம்மா. தின்னா வாயெல்லாம் அரிக்கும். காதுக்குள்ள ஊறும்."

"ஏம்ளா, போன வெள்ளிக்கெழம பழம் பெசஞ்சு பணியாரம் சுட்டோமே, ஏழு தின்னியே! அப்பம் அரிக்கலியோ?"

"வெந்தா ஒண்ணும் செய்யாது பெரியம்மா."

இதற்கு அம்மாகூட வாயில் கைவைத்துவிட்டாள். பச்சையாகத் தின்றால் அரிக்குமாம், பணியாரத்தில் போட்டால் அரிக்காதாம். அதுவும் வாழைத்தோட்டத்துக்காரன் மகளுக்கு! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? பால்பழத்தை மறைத்தவளுக்கு இந்தக் கல்யாணத்திலேயே மனம் இல்லை என்று அத்தை முடிவுகட்டினாள். கல்யாணத்தில் மனம் இல்லாதவள் கழுத்தில் தாலி தங்குமா என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. தாலி தங்காது என்றால் போகிறது யார் உயிர்? அத்தை அன்று சாப்பிடவில்லை.

ஏரலுக்கு ஆள் போயிற்று. மதினியின் அப்பா ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கினார். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று தாரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார் பாவம். "சின்னதுலேர்ந்தே இப்படித்தான் அண்ணாச்சி. அவிச்சுக் குடுத்தா திம்பா" என்று அவர் கையைப் பிசைந்தார். பெற்றவர் வேறு எப்படிச் சொல்வார் என்பதுதான் எல்லோர் நினைப்பும். அண்ணன் தூணில் சாய்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா நியாயஸ்தர். அவர் தாரிலிருந்து ஒரு சீப்பை அறுத்தார். "ஒரே சீப்புல ரெண்டு பழம். ஒண்ண மருமக திங்கட்டும், ஒண்ணச் சின்னவ திங்கட்டும். சின்னப்பிள்ளைக்குப் பொய் வராது. பழத்துல கோளாறு இருந்தா ரெண்டு பேருக்கும் தெரியும்லா" என்றார்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தின்றோம். மதினி கண்ணீரோடு விழுங்கினாள். "அரிக்குது மாமா" என்றாள். அரிப்பு கண்ணுக்குத் தெரிகிற பொருளா? அவள் உதடு எப்போதும்போலத்தான் இருந்தது. எனக்கோ நாக்கு நுனியிலிருந்து தொண்டை வரை வழக்கமான ஊறல். ச்ச் ச்ச் என்று இழுத்தேன். மதினி சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் கை பாதிப் பழத்தோடு அப்படியே நின்றுவிட்டது.

"ஒனக்கு எப்படிளா இருக்கு?" என்றார் அப்பா.

எனக்கு மதினி மேல் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. நாங்களெல்லாம் பொறுத்துக்கொண்டு தின்னவில்லையா? இவள் மட்டும் இதற்குப் போய் அழுவானேன்? "எப்பவும் போலத்தான் இருக்குப்பா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு கூசுகிறது. அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் மதினி அவள் அப்பாவோடு ஏரலுக்குப் போனாள். வாசலில் இறங்கும்போது ஒரு தும்மல் தும்மினாள். நான் மூக்கை எவ்வளவு தேய்த்தும் எனக்கு வரவில்லை.

அதன்பின் வீடு வீடாக இல்லை. அண்ணன் மண்டிக்குப் போனான், வந்தான், தட்டில் போட்டதைத் தின்றான். உடைமரம் பூத்து முடிந்து, சித்திரை வெயிலும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் அவன் சாப்பிட்டுவிட்டு ஒரு பழத்தை உரித்து, பாதியை என்னிடம் நீட்டினான். தின்றேன். ச்ச் ச்ச் என்று இழுத்துவிட்டு, பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அண்ணே, நீ மட்டும் எப்படிச் சத்தம் போடாமத் திங்க? நீ அரிப்பப் பொறுத்துக்கிடுவியா?"

"எந்த அரிப்புளா?"

"பழம் தின்னா எல்லாருக்கும் வாய் அரிக்கும்லா, அதுதான்."

அண்ணன் கையிலிருந்த பழம் தட்டில் விழுந்தது. என் தாடையைப் பிடித்து வாய்க்குள் பார்த்தான். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? பிறகு "அப்பா! அத்தே!" என்று அவன் போட்ட சத்தத்தில், நான் ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்டேன் என்று அழ ஆரம்பித்தேன். அவர்கள் முன்னால் இன்னொரு பழம் தரப்பட்டது. அழுதுகொண்டே தின்று, அழுதுகொண்டே கெவுளிச் சத்தம் போட்டேன். எத்தனை வருஷமாக அரிக்கிறது என்று கேட்டார்கள். பழம் தின்னத் தெரிந்த நாளிலிருந்து என்றேன்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பிள்ள அரிக்குதுன்னு சொல்லும்போது கெவுளி சொல்லிச்சே. சொவத்துக் கெவுளிக்கெல்லாம் தரையத் தட்டுனேன், மடியில வளந்த கெவுளி சொன்னதக் கேக்கலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது, "ஏலே, நில்லு. நானும் வாரேன். அனுப்புனவதான கூப்பிடணும்" என்று எழுந்தாள். மாமா போனபின் ஊர் எல்லையைத் தாண்டாத அத்தை, புகை கக்கும் யுத்தகாலத்துக் கரி பஸ்ஸில் ஏறி ஏரலுக்குப் போனாள்.

வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் எனக்கு இதை விளக்கினார். மரத்தின் பூந்தூள் ஒத்துக்கொள்ளாத சிலருக்குச் சில பச்சைப் பழங்களும் காய்களும் ஒத்துக்கொள்ளாதாம். இரண்டிலும் ஒரே சாயலில் ஏதோ இருக்க, உடம்பு பழத்தையும் பூவென்றே நினைத்து முறைத்துக்கொள்கிறதாம். தீயில் வெந்தால் அந்தச் சாயல் அழிந்துவிடுகிறது. ஏழு பணியாரத்தின் கதை அவருக்கு அரை நிமிஷ விஷயமாக இருந்தது.

அத்தையும் அண்ணனும் ஏரலுக்குப் போன மறுநாள் மத்தியானம் மதினி வந்தாள். அத்தை அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய், தன் கையாலேயே பழத்தை அவித்து, தோலுரித்து, துண்டு போட்டு, பாலோடு கொண்டுவந்தாள். மூன்று மடக்குப் பால், மூன்று துண்டு பழம். மதினி மூன்றையும் எல்லோரும் பார்க்கத் தின்றாள். அத்தை கிண்ணத்தை வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மிச்சப் பழத்தை மதினி அடுக்களையில் எனக்கு ஊட்டினாள். அவித்த பழத்தை நான் தின்பது அதுதான் முதல் தடவை.

"அரிக்குதாளா?"

"இல்ல மதினி. ஆனா இதுல பழத்தோட ருசியே இல்லியே."

மதினி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. நிலைப்படியில் நின்ற அண்ணன் மெதுவாகக் கேட்டான். "அன்னைக்கு இவ போட்ட சத்தம் ஒனக்குக் கேட்டுதுல்லா? நீ இவளத்தான பாத்துக்கிட்டிருந்த. இவளுக்கும் அரிக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நீ போயிருக்கவே வேண்டாமே?"

மதினி அடுத்த துண்டைப் பிட்டு ஊதினாள்.

"ஒருத்தி பேரு கெட்டது போதாதா?" என்றாள்.

அந்த ஒருத்தி யார், கெடாமல் தப்பிய இன்னொருத்தி யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பழம் ஆறியிருந்தது. நான் வாயைத் திறந்தேன்.