ஒரு சைஸ் பெரிய ஷூ

என் மகள் ஏழாம் வகுப்பில் சாரணியர் படையில் சேர்ந்தது ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அன்று கேட்டது சேர்க்கைக் கட்டணம் மட்டும்தான்; சொற்பத் தொகை. ஆவணியில் நீலச் சீருடை தைக்கக் கொடுத்தோம். புரட்டாசியில் கழுத்துத் துணி, பெல்ட், விசில். தை மாதம் முகாமுக்குப் பணம். நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்ததை மனைவி வாய்விட்டுச் சொன்னாள்:

"இது சேவையா, சீமந்தமா? மாசத்துக்கு ஒரு சீர் கேக்கறாங்க."

கடைசியாகக் கறுப்பு ஷூ. தேரடித் தெருக் கடைக்காரர் மகளின் காலைப் பார்த்தார்.

"வளர்ற பொண்ணு சார். ஒரு சைஸ் ஜாஸ்தியா எடுத்துக்குங்க. ரெண்டு வருஷம் ஓடும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பழைய தலையணையிலிருந்து இலவம்பஞ்சு எடுத்து முனையில் அடைத்துக் கொடுத்தேன். விலையையும் சொல்லி, "இதத் தொலச்சின்னா அடுத்தது கெடையாது" என்றேன்.

சித்திரைப் பௌர்ணமியன்று சாரணியர்களுக்கு அடி அண்ணாமலைத் தண்ணீர்ப் பந்தலில் வேலை. மாலையில் நான் போய் அழைத்து வர வேண்டும். அன்றைக்கு ஆட்டோ எதுவும் அந்தப் பக்கம் போகாது. கிரிவலக் கூட்டத்தோடு நடந்தேன். பந்தலுக்குக் கொஞ்சம் முன்னால், ஆம்புலன்ஸுக்கு வழிவிடக் கூட்டத்தை ஓரமாக நெருக்கினார்கள். யார் முழங்கையோ என் விலாவில் அழுந்தியது. அறுந்த செருப்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் கறுப்பு ஷூ மிதிபட்டுக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதன் வாயிலிருந்து இலவம்பஞ்சு பிதுங்கியிருந்தது.

எடுக்கக் குனிந்தேன். பின்னாலிருந்த பெரியவர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"யோவ், குனியாதய்யா! மேல ஏறிப் போயிடுவாங்க!"

கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவளும் குனிந்திருப்பாள். விலையைச் சொல்லி அனுப்பியிருக்கிறேனே, குனியாமல் இருப்பாளா?

பந்தலில் எல்லாப் பெண்களும் அதே நீலத்தில், அதே கழுத்துத் துணியில் நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை.

"தண்ணி கேன் எடுத்தாரப் போனா சார்" என்றார் அவர்களுடைய ஆசிரியை. "இன்னும் காணோம். அதான் நானும் பாக்கறேன்."

அவர் விசிலை எடுத்து ஊதினார். அந்த இரைச்சலில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தேடிப் போகலாம் என்றால் எந்தப் பக்கம் போவது? பந்தல் கம்பைப் பிடித்தபடி நின்றேன்.

கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். ஒரு காலில் ஷூ. மறுகாலின் சாக்ஸ் கரியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும்தான் அவள் முகம் மாறியது.

"யாரோ பின்னால மிதிச்சிட்டாங்கப்பா. கழண்டுடுச்சு. கூட்டத்துல எது விழுந்தாலும் குனியக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

"நீ குனிஞ்சியா?"

அவள் ஆசிரியையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாதி குனிஞ்சேன். ஒரு அக்கா கையப் புடிச்சித் தூக்கிட்டாங்க. திட்டாதீங்கப்பா."

கேனை வாங்கிக் கீழே வைத்தேன். குனிந்து அவள் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

வைகாசிப் பௌர்ணமிக்கும் அவள் பெயர் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. புது ஷூ சரியான அளவில் வாங்கியாயிற்று. ஆனாலும் கிளம்பும்போது அவள் முன்னால் உட்கார்ந்து, அதன் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

"அப்பா, வலிக்குது. லூஸ் பண்ணுங்க" என்றாள்.